நகராத காரில் நல்ல சிக்னல்

நாலு கால் உண்டு, நடக்காது. ஊர்க்கதை எல்லாம் பேசும், வாய் கிடையாது. ஏறி உட்கார்ந்தால் எங்கும் போய்ச் சேர முடியாது. அது என்ன?

நாற்காலி என்பீர்கள். நாற்காலி எங்கே பேசுகிறது? உப்போடை ஊரில் கேட்டுப் பாருங்கள். யாரும் யோசிக்க மாட்டார்கள். தெருக்கோடியைக் கைநீட்டிக் காட்டிவிடுவார்கள்.

அந்தத் தெருக்கோடியில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் கூத்தபெருமாள். அடுத்தவர் பிச்சையா. இளையவர் நயினார். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய கார் இருந்தது; ஒரு தங்கையும் இருந்தாள். தங்கையின் ஒன்பது வயது மகள் செண்பகவல்லியை எல்லோரும் செண்பகம் என்பார்கள்.

செண்பகம் நன்றாகப் பாடுவாள். சாட்டிலைட் ரேடியோ ஒன்றின் சிறுவர் நேரத்தில் பாட அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நகரத்தில் உள்ள நிலையத்துக்குப் போய்ப் பாட வேண்டும். நேரடி ஒலிபரப்பு. அவள் அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியதில், எதிர்வீட்டுக் கிளிகூட முதல் அடியைச் சொல்லப் பழகிவிட்டது.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஞாயிறு பார்த்து டியூட்டி வந்துவிட்டது.

"அண்ணே, பாடுற பிள்ளையை மட்டுந்தான் உள்ளே விடுவாங்களாம். நீங்க கார்ல கூட்டிட்டுப் போங்க. அவ பாடி முடிக்கிற வரைக்கும் கார்லயே இருங்க" என்று சொல்லிவைத்தாள்.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"அவ உள்ளே பாடுவா. நாம வெளியே கார்ல இருப்போம். எப்படிக் கேக்குறது?" என்றார் பிச்சையா.

"நம்ம கார்ல ரேடியோவே இல்லையே" என்றார் நயினார்.

"பிரேக்கும்தான் சரியில்லை" என்றார் பிச்சையா.

கூத்தபெருமாள் கண்ணை மூடி யோசித்தார். "பிரேக் இல்லேன்னா நமக்கு மட்டுந்தாம்ல தெரியும். ரேடியோ இல்லேன்னா ஊருக்கே தெரியும்."

தம்பிகளுக்கு அது நியாயமாகப் பட்டது. காரை ரேடியோக் கடைக்கு ஓட்டிப் போனார்கள்.

காரின் முன்பலகையில் ரேடியோ வைப்பதற்கென்று ஒரு சதுர ஓட்டை இருந்தது. அதில் விபூதிப் பொட்டலத்தையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்திருந்தார் கூத்தபெருமாள். கடைக்காரர் அவற்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு ரேடியோவைப் பொருத்தினார். காரின் உச்சியில் ஆண்டெனாவை ஒட்டினார்.

"இங்கே சுத்திலும் கட்டடமா இருக்கு, சிக்னல் வராது. வீட்டுல போய்ப் போடுங்க. ஆண்டெனாவுக்கும் வானத்துக்கும் நடுவில எதுவும் மறைக்கக் கூடாது. சிக்னல் கிடைச்ச பிறகு ஆண்டெனாவை நகர்த்தாதீங்க" என்றார்.

அவர் கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் மூவரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்கள்.

ஞாயிறு காலையில் கார்க் கொட்டகைக்குள் ரேடியோவைப் போட்டார்கள். இரைச்சல்தான் வந்தது. மேலே பார்த்தார்கள். கொட்டகையின் தகரக் கூரை வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது. உடனே ஏணியைச் சாத்தித் தகரங்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"மாமா, காரை வெளியே தள்ளலாமே?" என்று கேட்டாள் செண்பகம்.

"வெளியே வெயில் அடிக்குதும்மா. வெயில் படக் கூடாதுன்னுதானே கொட்டகை போட்டிருக்கோம்?" என்றார் பிச்சையா, தகரத்தைக் கீழே இறக்கியபடி.

கூரை போனதும் காரின் மேல் வெயில் அடித்தது. பிச்சையா அதன் உச்சிக்கு நேராகக் குடை பிடித்தார். அது ஆண்டெனாவை மறைக்கிறது என்று அண்ணன் அதட்டினார். பிச்சையா குடையைத் தன் தலைக்குப் பிடித்துக்கொண்டு காரின் பக்கத்தில் நின்றார். காருக்கு ஆறுதலாக இருக்கும் என்றார்.

அப்போது ஒரு மேகம் வந்தது.

"அண்ணே, இதையும் கழற்றணுமா?" என்று கேட்டார் நயினார்.

"வேண்டாம்ல. அது பக்கத்து ஊர்லேர்ந்து வருது. நாம கை வெச்சா வம்பு."

மேகம் தானாகவே போய்விட்டது. ரேடியோ கணீரென்று பேசியது. மூவரும் கைதட்டினார்கள்.

மத்தியானம் செண்பகம் பட்டுப்பாவாடை கட்டிப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கூத்தபெருமாள் காரைக் கிளப்பினார்.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று அலறினார் நயினார். "சிக்னல் கிடைச்ச பிறகு ஆண்டெனாவை நகர்த்தக் கூடாது."

"நான் காரைத்தானே நகர்த்துறேன்?"

"ஆண்டெனா கார் மேல இல்ல இருக்கு?"

கூத்தபெருமாளுக்கு வியர்த்துவிட்டது. "நல்ல நேரத்துல சொன்னே தம்பி. கெடுத்திருப்பேன்" என்று இன்ஜினை அணைத்தார்.

"அப்போ நான் எப்படிப் போறது?" என்றாள் செண்பகம்.

"நீ பாடுறதைக் கேக்கத்தாம்மா இவ்வளவு பாடும்" என்றார் பிச்சையா.

"நான் போனாத்தானே மாமா கேக்கும்?"

"கேக்க வைக்கிறது ரேடியோ வேலை. அதுக்கு நீ ஏன் கவலைப்படுறே?"

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நகரத்துக்குப் போகும் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

நான்கு மணி ஆயிற்று. மாமாக்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டு காருக்குள் காதைத் தீட்டி உட்கார்ந்தார்கள்.

"அடுத்துப் பாட வேண்டியவர் உப்போடை செண்பகவல்லி. அவர் இன்னும் வந்து சேரவில்லை. சற்றுக் காத்திருப்போம்" என்றது ரேடியோ.

பிச்சையாவுக்குக் கோபம் வந்தது. "பாத்தீங்களா அண்ணே? பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுவந்து விடத் தெரியலை. என்ன பெரியவங்களோ!"

"ஊர் பேரையும் சொல்லிட்டாங்க. மானம் போச்சு" என்றார் நயினார்.

"மாமா, அது நான்தான்" என்றாள் செண்பகம்.

"தெரியுதும்மா. உன் பேரை எவ்வளவு தெளிவா சொன்னாங்க பாத்தியா? துளி இரைச்சல் இல்லை!" என்றார் கூத்தபெருமாள்.

செண்பகத்துக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே பாட ஆரம்பித்தாள்.

"உஷ்!" என்று மூவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "இங்கே நீ பாடினா, அங்கே நீ பாடுறது எங்களுக்கு எப்படிம்மா கேக்கும்?"

"செண்பகவல்லி அடுத்த ஞாயிறு வந்தால் முதல் பாட்டு அவருடையது" என்று சொல்லிவிட்டு ரேடியோ வயலின் வாசித்தது.

அம்மா டியூட்டி முடிந்து வந்தபோது, கூரையில்லாத கொட்டகைக்குள் மாமாக்கள் காரிலேயே உட்கார்ந்து, தப்பு எங்கே நடந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"பிள்ளையைப் பின் சீட்டுல உட்கார வெச்சதுதான் தப்பு" என்று முடிவு சொன்னார் கூத்தபெருமாள். "முன் சீட்டுல இருந்திருந்தா நகரத்துக்கு ரெண்டு முழம் கிட்டே இருந்திருப்பா. அடுத்த ஞாயிறு முன் சீட்டு."

அம்மா அண்ணன்களையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளிடம், "அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. என்கூட பஸ்ல வர்றியா, இல்லே மாமாங்களோட கார்ல இருக்கியா?" என்று கேட்டாள்.

நயினார் பதறிப்போனார். "அவசரப்பட்டுச் சொல்லிடாதேம்மா! பஸ்ல ரேடியோ கிடையாது. அதுல போயிட்டா, நீ பாடுறதை நீ எப்படிக் கேப்பே?"

செண்பகம் பஸ் என்றாள்.