செங்கழுத்தாரின் தலை

சூரங்காட்டு விலங்குகளின் அவை ஒரு பெரிய இலுப்பை மரத்தடியில் கூடும். அந்த அவையில் முட்புதர்வாசிகளின் உறுப்பினர் ஓர் ஓணான். ஆறாவது தவணையாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பேச எழுந்தாலே அவர் கழுத்து செக்கச்செவேலென்று ஆகிவிடும். அதனால் எல்லோரும் அவரைச் செங்கழுத்தார் என்று மரியாதையாக அழைத்தார்கள்.

அவையில் ஓட்டுப் போடுவது சுலபம். 'ஆம்' என்றால் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். 'இல்லை' என்றால் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். மரங்கொத்தி அதைப் பார்த்து மரப்பட்டையில் கொத்தி வைக்கும். ஆமென்றால் ஒரு பொட்டு, இல்லையென்றால் ஒரு கோடு. ஆனால் அந்தப் பட்டையை எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. பேச்சு முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்து போவதுதான் முட்புதர்வாசிகளின் வழக்கம்!

ஒரு நாள் காலை காட்டுப்பன்றிகள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. கிழக்குச் சரிவிலிருக்கும் சூரைப்புதரை மிதித்துத் தள்ளிவிட்டுக் குளத்துக்குப் பாதை போட வேண்டுமாம். அந்தப் புதருக்கடியில்தான் அஞ்சலை என்ற காடை ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். செய்தி காதில் விழுந்ததும் முட்டைகளைச் சருகால் மூடினாள். ஓட்டமும் நடையுமாக அவைக்கு வந்தாள்.

செங்கழுத்தார் எழுந்தார். கழுத்து சிவந்தது.

"என் உயிரினும் மேலான முட்புதர் மக்களே! அந்தப் புதரில் ஒரு முள், ஒரே ஒரு முள் ஒடிந்தாலும் நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்! பன்றிகளே, முதலில் என் முதுகில் நடங்கள்! அதற்கப்புறம் புதரில் நடக்கலாம்!"

முயல்கள் துள்ளிக் குதித்தன. அரணைகள் வாலை அடித்து ஆரவாரம் செய்தன. அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம அண்ணன் இருக்கற வரைக்கும் நமக்கென்ன பயம்!" என்று சொல்லிவிட்டு, முட்டைகள் ஆறிப்போகுமே என்று வேகமாகத் திரும்பிப் போனாள்.

மதியம் தாண்டியது. புதருக்கு வெளியே தடதடவென்று குளம்புச் சத்தம் கேட்டது. அஞ்சலை எட்டிப் பார்த்தாள். முப்பது பன்றிகள் வரிசையாக நின்றன!

"ஏம்மா காடை, கொஞ்சம் நகந்துக்க. பொழுது சாஞ்சதும் வேலையைத் தொடங்கணும்" என்றது முன்னால் நின்ற பெரிய பன்றி.

"என்ன வேலை? தீர்மானம்தான் தோத்துருக்குமே!"

"யார் சொன்னா? பதினொண்ணுக்குப் பத்து. ஜெயிச்சுட்டோம்!"

"ஒரே ஒரு ஓட்டா? எங்க செங்கழுத்தார் அண்ணன் எதிர்த்துப் போட்டுமா?"

பெரிய பன்றி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "எதிர்த்தா? அந்தப் பதினொண்ணாவது ஓட்டே அவரோடதும்மா!"

அஞ்சலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் விழுந்ததை அவளால் நம்ப முடியவில்லை. காலையில் கேட்ட குரல் இன்னும் காதிலேயே இருந்ததே!

பன்றி கொஞ்சம் நியாயமான பிராணி. "சட்டப்படி பொழுது சாயற வரைக்கும் தொட மாட்டோம். சந்தேகமிருந்தா போய்ப் பட்டையைப் பாத்துட்டு வா" என்றது.

முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு அஞ்சலை ஓடினாள். வழிநெடுக ஒரு புதர் விடாமல் முயல், அரணை, முள்ளெலி எல்லோரையும் கூப்பிட்டாள். மூச்சிரைக்க எல்லோரும் இலுப்பை மரத்தடிக்கு வந்தார்கள். அவை இன்னும் கலையவில்லை. அவைத்தலைவர் கரடியார் தேனடையை நக்கிக்கொண்டிருந்தார். செங்கழுத்தார் உறுப்பினர்களுக்கான வெயில் பாறையில் கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"கொத்தனாரே! எங்க அண்ணன் இன்னைக்கு எப்படி ஓட்டுப் போட்டாரு?" என்று மரங்கொத்தியைக் கேட்டாள் அஞ்சலை.

"பொட்டு. ஆம்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கிழட்டு முயல் ஒன்று முன்னால் வந்தது. "கள்ளிமேட்டுல நரிங்க வேட்டையாடலாம்னு ஒரு தீர்மானம் வந்துதே, அதுக்கு?"

"ஆம்."

"அதை எதிர்த்து மூணு நாள் பேசினாரய்யா! நாங்க அவரைத் தோள்ல தூக்கிட்டுப் போனோமே!"

"பேச்சை நான் கொத்தறதில்லை. தலையைத்தான் கொத்தறேன். தலை மேலும் கீழும் ஆடுச்சு."

முயல் பட்டையருகே போய் நின்றது. "அந்த வருசம்தான் என் தம்பியை நரி தூக்கிட்டுப் போச்சு" என்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

வடகரைக் கோரையை எருமைகளுக்குக் கொடுத்தது? ஆம். மழைக்காலத்தில் முள்ளெலிகள் மேட்டுக்கு வரக்கூடாது என்றது? ஆம். ஆறு தவணையும் பட்டையில் அவர் வரிசை முழுக்கப் பொட்டு பொட்டாக இருந்தது!

செங்கழுத்தார் கண் விழித்தார். கூட்டத்தைப் பார்த்ததும் குரல் தழுதழுத்தது.

"மக்களே, என்னைத் தப்பா நினைச்சுடாதீங்க! ஓணானாப் பொறந்தவனுக்குத் தலை தானா மேலும் கீழும் ஆடும். என் நெஞ்சு 'இல்லை'ன்னுதான் சொல்லுச்சு. இந்தப் பாழாப்போன தலை கேக்கலையே!"

"அடப்பாவமே!" என்றது அரணை. "பொறவிக் குணம். அவர் என்ன பண்ணுவாரு?"

கூட்டம் இளகியது. அஞ்சலையின் மனமும் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் பட்டையில், அத்தனை பொட்டுக்கும் நடுவில், ஒரு கோடு அவள் கண்ணில் பட்டது.

"கொத்தனாரே, அது என்ன?"

"அதுவா? அது ஒண்ணுதான் 'இல்லை'. மூணு தவணைக்கு மேல இருந்தவங்க இந்த வெயில் பாறையைப் புதுசா வர்றவங்களுக்கு விட்டுக் குடுக்கணும்னு தீர்மானம் வந்துது. அன்னைக்கு ஐயா தலை பக்கவாட்டுல என்னமா ஆடுச்சு! கழுத்து சுளுக்கிக்குமோன்னு நானே பயந்துட்டேன்!"

அஞ்சலை அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு ஓணானைப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்குப் பக்கவாட்டுல ஆட்டத் தெரியுமாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள்.

செங்கழுத்தாரின் கழுத்திலிருந்து சிவப்பு இறங்கியது.

அஞ்சலை கரடியார் பக்கம் திரும்பினாள். "ஐயா, அவர் போட்டது எங்க ஓட்டு. நாங்க குடுத்தது. அதைத் திருப்பி எடுத்துக்கறோம்!"

கரடியார் தேனடையைக் கீழே வைத்தார். "பொழுது சாயறதுக்குள்ள அனுப்பினவங்க எல்லாரும் சேர்ந்து கேட்டா எடுத்துக்கலாம். சட்டத்துல இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எல்லாருக்கும் சம்மதமா?"

முயல், அரணை, முள்ளெலி எல்லோருடைய தலைகளும் மேலும் கீழும் ஆடின. பதினொன்று பத்தானது. பத்துக்குப் பத்து, சம ஓட்டு என்றால் சட்டப்படி தீர்மானம் தோற்றது!

கரடியார் சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலை புதரை நோக்கி ஓடினாள். பன்றிகள் முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போயின. சருகை விலக்கி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஆறு இளஞ்சூடாக இருந்தன. ஓரத்திலிருந்த ஏழாவது ஆறிப்போயிருந்தது. அது பொரிக்கவேயில்லை.

அடுத்த அவை கூடியபோது அஞ்சலை ஆறு குஞ்சுகளோடு வந்தாள். செங்கழுத்தாருக்குப் பதிலாக வந்த புதிய உறுப்பினர் ஒரு தீர்மானத்தை எதிர்த்து அருமையாகப் பேசினார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அஞ்சலை மட்டும் கிளம்பவில்லை. ஓட்டெடுப்பு முடிந்து, மரங்கொத்தி கோட்டைக் கொத்துவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

நமக்காகப் பேசுகிறவரை அவர் பேச்சை வைத்து நம்பக் கூடாது. அவர் போட்ட ஓட்டைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.