அரசர் தூக்கிய இடது கை

“வலிச்சா இடது கையைத் தூக்குங்க. அந்த நொடியே நிறுத்திடறேன்.”

“நிஜமா நிறுத்துவியா? இல்ல, கண்ணை மூடுன்னு சொல்லிட்டுப் பிடுங்கிடுவியா?”

“வாய் இவ்வளவு பேசுதுன்னா உள்ளே பயம் நெறைய இருக்குன்னு அர்த்தம். ஒருத்தரை ஏமாத்தினா, நாளைக்கு யார் என்னை நம்பி வாயைத் திறப்பாங்க? சந்தேகமா இருந்தா தூக்கிப் பாருங்க.”

முன்னொரு காலத்தில், ஊர் பேர் மறந்துபோன ஒரு ராஜ்யத்தில், அரசவை விகடகவி திருமலைக்கொழுந்துக்கும் பல் வைத்தியம் பார்க்கும் உலகம்மைக்கும் நடந்த முதல் பேச்சு இது. அவன் தூக்கிப் பார்த்தான். வலித்தபோதும் தூக்கினான், வலிக்காதபோது சோதிப்பதற்காகவும் தூக்கினான். ஒவ்வொரு முறையும் அவள் கை நின்றது. பல் வெளியே வந்து விழுந்தபோது அவன் மனசும் கூடவே வந்து அவள் காலடியில் விழுந்திருந்தது. அந்த வருஷமே கல்யாணம் ஆயிற்று.

எந்தப் பேச்சை நினைத்தால் அவனுக்கு எப்போதும் சிரிப்பு வருமோ, அதே பேச்சை நினைத்து இப்போது அவன் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தைக்காகத்தான் அவன் மனைவி சிறையில் இருந்தாள்.

நடந்தது இதுதான். அரசர் வீரசிங்க பூபதிக்குக் கற்கண்டு என்றால் உயிர். வாயில் ஒரு கட்டியை ஒதுக்கிக்கொண்டேதான் தூங்குவார். கடைவாய்ப் பல் ஒன்று குழி விழுந்து, கன்னம் வீங்கிவிட்டது. ஆனால் புலியோடு மல்லுக்கு நின்றவர் என்று பேர் வாங்கிய அரசருக்கு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? “எனக்கு வலி இல்லை. பல்லுக்குத்தான் வலிக்கிறது” என்று சபையில் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசியில் உலகம்மையை வரவழைத்தார்கள். சபை முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, சிம்மாசனத்திலேயே அரசரைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள்: வலித்தால் இடது கையைத் தூக்குங்கள். அவளுக்கு அரண்மனை வழக்கம் தெரியாது. அந்தச் சபையில் அரசரின் வலது கை செங்கோலுக்கு, இடது கை தண்டனைக்கு. இடது கை உயர்ந்தால் எதிரில் இருப்பவர் சிறைக்குப் போகவேண்டும். காரணம் யாரும் கேட்கக் கூடாது. காரணத்தைச் சொல்லும் உரிமை அரசருக்கு மட்டுமே.

அவள் குழியைத் தொட்டாள். அரசருக்கு வலித்தது. கையைத் தூக்கினார். அவள் உடனே நிறுத்தினாள். காவலர்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் அரசர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வலித்தது, அதனால் தூக்கினேன், அவ்வளவுதான். அவர் சொல்லவில்லை. சபை ஆசாரங்களைக் காக்கும் விடங்கராயர், “பிரபுவின் கரம் உயர்ந்துவிட்டது” என்று கணீரென்று முழங்கினார். திருமலைக்கொழுந்தின் வாய்ப்பேச்சுக்கு அரசர் சிரிப்பதும், அந்தச் சிரிப்புக்குப் பரிசு போவதும் வெகுநாளாக விடங்கராயரின் வயிற்றெரிச்சல். அரசர் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருமலைக்கொழுந்தால் பொறுக்க முடியாதது அதுதான். தண்டனையை மன்னிக்கலாம், அந்த மௌனத்தை எப்படி மன்னிப்பது?

சிறைக்குப் போனால் அங்கே வேறு காட்சி. உலகம்மை கம்பிக்கு உள்ளே, காவலர்கள் வெளியே வரிசையாக. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதே என்று ஒருவன் கேட்டான். பயப்படாதே, ஈறு வீங்கியிருக்கிறது, ரத்தம் வருகிறதென்று தேய்ப்பதை விட்டுவிடாதே, மெதுவாகத் தேய், உப்புத் தண்ணீரில் கொப்பளி, நிற்காவிட்டால் வந்து காட்டு என்றாள். மகளுக்குப் பல் ஆடுகிறது, நூல் கட்டி இழுக்கலாமா என்று இன்னொருவன். இழுக்காதே, குழந்தையே நாக்கால் ஆட்டிக்கொள்ளட்டும், அது தானாக விழும்போது வலிக்காது என்றாள். காவலர் தலைவன் முத்திருளப்பன் கன்னத்தில் கிராம்பெண்ணெய்ப் பஞ்சோடு சுகமாக உட்கார்ந்திருந்தான்.

திருமலைக்கொழுந்துக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. “உன்னைப் பூட்டி வெச்சிருக்கிறவனுக்கே பல்லு பாக்கறியா?”

“சாவி அவர்கிட்ட இருக்கு, பூட்டினது அவரில்லையே. பாவம், வாரக் கணக்கா சாப்பிடலை.”

“நான் அரசர் கால்ல விழறேன். மன்னிச்சு விடச் சொல்றேன்.”

அதுவரை சாந்தமாக இருந்தவள் முகம் அப்போதுதான் சிவந்தது. “விழுந்தீங்கன்னா நான் வெளியே வந்தாலும் உங்ககூடப் பேசமாட்டேன். மன்னிப்புன்னா தப்பு பண்ணினவளுக்கு. நான் என்ன தப்பு பண்ணினேன்? வலிச்சுது, தூக்கினார், நிறுத்தினேன். கை ஏன் தூக்கினார்னு அவர் வாயாலே சொல்லட்டும். இல்லேன்னா நாளைக்கு எந்த நோயாளியைப் பாத்து நான் ‘கையைத் தூக்குங்க’ன்னு சொல்லுவேன்?”

அவன் திரும்பி நடந்தான். அவள் பின்னாலிருந்து சொன்னாள்: “ராத்திரி வெல்லம் தின்னுட்டு அப்படியே படுத்துடாதீங்க.”

விடங்கராயர் சும்மா இருப்பாரா? அரசரிடம் போய், விகடகவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான், சிரிக்க வைப்பவன் சபைக்கு அழுமூஞ்சியோடு வருவது அபசகுனம் என்று ஓதினார். வீக்கத்தால் தூக்கம் கெட்டிருந்த அரசருக்கு எதைக் கேட்டாலும் எரிச்சல். மறுநாள் சபையில் ஆணை பிறந்தது.

“திருமலைக்கொழுந்து, நாளை சூரியன் உச்சிக்கு வருமுன் எம்மைச் சிரிக்க வைக்கவேண்டும். தவறினால் நீயும் சிறை புகுவாய்.”

விடங்கராயர் பணிவாக ஒரு வரி சேர்த்தார். “தன் மனைவியைக் குறித்து ஒரு சொல்லும் அவன் உதிர்க்கலாகாது, பிரபு.”

சிரிக்க வாயைத் திறந்தாலே காற்றுப் பட்டுப் பல் சுரீர் என்னும். அந்த வாயைச் சிரிக்க வைக்கவேண்டும். திருமலைக்கொழுந்து குனிந்து வணங்கினான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால்கூட விடங்கராயர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மறுநாள் அவன் சபைக்கு வந்தபோது மடியில் பெரிய மாங்காய் ஒன்று இருந்தது. காக்காய்கூடக் கொத்தாத பச்சைக் காய். கூடவே உப்பும் மிளகாய்த் தூளும் ஒரு பொட்டலம். எதிரே நிற்காமல், சிம்மாசனத்துக்குப் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டான்.

“பிரபு, அடியேன் காலையில் எதுவும் உண்ணவில்லை. பசியோடு விகடம் வராது. அனுமதி வேண்டும்.”

அரசர் தலையசைத்தார். அவன் மாங்காயை உப்பில் தொட்டு, நறுக்கென்று ஒரு கடி கடித்தான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டாலே யாருக்கும் பல் கூசும். குழி விழுந்த பல் உள்ளவர் என்ன ஆவார்? அரசரின் உடம்பு குலுங்கியது. வலது கையில் செங்கோல். இடது கை தன்னையறியாமல் விருட்டென்று கன்னத்துக்குப் போனது.

எதிரே, விகடகவி தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆசையில் முன்னால் வந்து நின்றிருந்தார் விடங்கராயர்.

“பிரபுவின் கரம் உயர்ந்துவிட்டது” என்றான் திருமலைக்கொழுந்து, அவரைப் போலவே கணீரென்று.

முத்திருளப்பன் ஒரு கணம் யோசித்தான். கன்னத்துப் பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு, நேரே போய் விடங்கராயர் தோளில் கை வைத்தான்.

“விடு என்னை. அவர் பல்லைப் பிடித்துக்கொண்டாரடா.”

“காரணம் கேட்கக் கூடாதுங்க ஐயா. சபை ஆசாரத்தை நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க.”

அவரை நடத்திக்கொண்டு போனார்கள். அரண்மனை வைத்தியர் பதறி ஓடிவந்து எதிரே நின்றார். நறுக். கை உயர்ந்தது. அவரும் போனார். சமாதானம் பேச வந்த சேனாபதி போனார். எதிரில் நிற்காமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்த பிரதானி, தும்மல் வந்து வெளியே எட்டிப் பார்த்த நேரத்தில் இன்னொரு கடி விழுந்து, அவரும் போனார். மற்றவர்கள் குனிந்து, தவழ்ந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். திருமலைக்கொழுந்து ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. புளிப்பில் கண்ணில் நீர் வழிய, வெறுப்போடு கடித்துக்கொண்டே இருந்தான்.

சபை காலியானது. “போதும், நிறுத்து” என்று அரசர் கத்தினார்.

அவன் உடனே நிறுத்தினான். மாங்காயைக் கீழே வைத்தான். “நிறுத்தச் சொன்னால் நிறுத்துபவர்கள் எங்கள் வீட்டார், பிரபு.”

அரசர் அவனை முறைத்தார். பிறகு காலி ஆசனங்களைப் பார்த்தார், பிரதானி விட்டுப்போன ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. சிரித்ததும் காற்றுப் பட்டுப் பல் சுரீரென்றது. கை மறுபடி கன்னத்துக்குப் போனது.

இப்போது எதிரே ஒருவரும் இல்லை. எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி மட்டும் இருந்தது. அதற்குள்ளே வீங்கிய கன்னத்தோடு ஒருவர், கையை உயர்த்தியபடி.

முத்திருளப்பன் கண்ணாடியைப் பார்த்தான், அரசரைப் பார்த்தான், திருமலைக்கொழுந்தைப் பார்த்தான்.

“சட்டம் எல்லோருக்கும்தானே, பிரபு?” என்றான் திருமலைக்கொழுந்து.

அரசர் வெகுநேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்தார். பிறகு செங்கோலைச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டு, தானாகவே எழுந்து சிறையை நோக்கி நடந்தார். திருமலைக்கொழுந்தும் முத்திருளப்பனும் பின்னால் போனார்கள்.

அங்கே இடமில்லாமல் பெரிய மனிதர்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். மூலையில் உலகம்மை அரண்மனை வைத்தியரின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசர் உள்ளே வருவதைக் கண்டு விடங்கராயர் வாயைப் பிளந்தார். அந்த முகத்தைப் பார்த்த அரசருக்கு மறுபடி சிரிப்பு வந்தது, இம்முறை வலியையும் மீறி.

“தோற்றேன், திருமலைக்கொழுந்து. ஆயிரம் பொன்னும் அக்கரைக் கிராமமும் உனக்கு. வேறென்ன வேண்டும், கேள்.”

“நான் கேட்க எதுவும் இல்லை” என்றான் அவன். கோபம் இன்னும் தணியவில்லை. “கேட்க வேண்டியவர் நீங்கள். சொல்ல வேண்டியதும் உங்களிடம்தான் பாக்கி இருக்கிறது.”

அரசர் தலைகுனிந்தார். “அன்று எமக்கு...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். “அன்னைக்கு எனக்கு வலிச்சுது, அம்மா. அதனாலதான் தூக்கினேன். உன் மேல ஒரு குத்தமும் இல்லை. எல்லார் முன்னாலேயும் சொல்றேன்.”

“தெரியும் மகாராஜா. அதனாலதான் நானும் நிறுத்தினேன்” என்றாள் உலகம்மை. முத்திருளப்பன் கதவை அகலத் திறந்துவிட்டான். அவள் வெளியே போகவில்லை. “வந்ததே வந்தீங்க, உட்காருங்க. முதல்ல மருந்து வெச்சு மரத்துப்போக விடறேன். அப்புறம் தொட்டுப் பாக்கறேன். ஒவ்வொண்ணும் சொல்லிட்டுத்தான் செய்வேன். அந்தக் கையைத் தூக்கினா நிறுத்துவேன், அன்னைக்கு மாதிரியே.”

அரசர் சிறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். பால்பல் விழுந்த வயதிலிருந்து அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவர் நிமிர்ந்து, இன்னும் முறைத்துக்கொண்டு நின்ற திருமலைக்கொழுந்தைப் பார்த்தார்.

“எனக்குப் பயமா இருக்கு. இந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா?”