ராஜாவின் கண்ணில் பச்சரிசி மாவு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலோரமாக இருந்த ஒரு நாட்டைக் கரிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் யானையைப் பரிசாகக் கொடுப்பான், சாயங்காலம் "என் யானை எங்கே?" என்று கேட்பான். அப்படி ஒரு ராஜா.

அவனுடைய மார்பளவுச் சிலையை உமையாள் என்ற சிற்பி வெள்ளைச் சலவைக்கல்லில் செதுக்கி, அவையில் வைத்துத் துணியை விலக்கினாள். அடடா! மீசை முறுக்கு, தாடைக்குக் கீழே லேசாகத் தொங்கும் சதை, எதையும் விடவில்லை. அந்தப் பார்வை இருக்கிறதே, இதோ யாரையோ அதட்டப் போகிற மாதிரி!

வல்லபராயர் என்ற அவைப் பிரபுவுக்கு வயிறு எரிந்தது. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரப் பார்த்தவர் அவர். சிலையின் முகத்தருகே போய் உற்றுப் பார்த்தார்.

"ஐயையோ, மகாராஜா! உங்கள் கண்ணில் குழி தோண்டியிருக்கிறாள்!"

ராஜா தடவிப் பார்த்தான். குழிதான். முகம் சிவந்துவிட்டது.

"என் கண்ணையா குத்தினாய்? உளியைக் கீழே வை. இனி இந்த நாட்டில் நீ கல்லைத் தொடக்கூடாது!"

"மகாராஜா, அது வந்து..."

"பேசாதே!"

உமையாள் உளியை விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மந்திரி ஆராவமுதர் மெல்ல எழுந்தார்.

"ராயர் சொன்னது சொன்னதுதான், மன்னா. குழியை இப்போதே அடைத்துவிடலாம். கண்டுபிடித்தவர் கையாலேயே அடைக்கட்டும்."

ராயருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுக்களையிலிருந்து பிசைந்த பச்சரிசி மாவை வரவழைத்து, இரண்டு குழியிலும் வைத்து அழுத்தி, வழவழவென்று தேய்த்துவிட்டு விலகினார்.

அவையே திகைத்துப்போனது. முகத்தில் பார்வையே இல்லை. இரண்டு வெள்ளை முட்டைதான்!

"யாரய்யா என்னைக் குருடாக்கியது?" என்று அலறினான் ராஜா. எல்லார் கண்ணும் ராயரின் மாவு விரல்கள் மேல் போயின.

"இப்போது சொல்லம்மா" என்றார் மந்திரி.

"வெள்ளைக் கல்லில் கறுப்புக்கு நான் எங்கே போவேன், மகாராஜா? குழி தோண்டினால் அதற்குள் நிழல் தங்கும். அந்த நிழல்தான் உங்கள் கண்மணி."

"கறுப்பே இல்லாமல் கறுப்பா!" ராஜா துள்ளிவிட்டான். "அரண்மனைச் சிற்பி இனி நீதான். ராயரே, ஈர்க்குச்சி எடும். மாவை நோண்டும்!"

ராயர் குனிந்து நோண்டினார். ஒவ்வொரு குத்துக்கும் ராஜா தன் கண்ணைப் பொத்திக்கொண்டு, "மெல்ல ஐயா, வலிக்கிறது!" என்று கத்தினான். முதலில் சிரித்தது உமையாள்தான். அப்புறம் அவை அடங்க ஒரு நாழிகை ஆனது.