ரெண்டு கோடி சிவப்புக் கார்

கோயம்புத்தூர் மில் முதலாளி குழந்தைவேலுவிடம் அறுபது வருஷப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. சீட் இரண்டுதான். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் பெருமை.

அதை விற்க நினைத்து, விலை ரெண்டு கோடி என்றார். வந்தவர்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, "பழைய காருக்கு இப்ப மவுசு போச்சுங்க" என்று நழுவினார்கள். விலை அதிகம் என்று மனுஷன் ஒப்புக்கொள்வாரா? பழி டிரைவர் மரியசூசை தலையில் விழுந்தது.

"நீ தொடைக்கிற லட்சணம் அப்படி. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு கோடிக்கு ஆளைக் கொண்டா. இல்லேன்னா வேலைக்கு வராதே."

ஞாயிறன்று கிளப் நண்பர்கள் சூழ முதலாளி வடை தின்றுகொண்டிருந்தபோது மரியசூசை வந்து நின்றான்.

"ஏனுங்க, ஊட்டியில ஒருத்தரு இதே காரை விக்கறாருங்க. அதே வருஷம், அதே சிவப்பு. நம்மளதைவிடக் கம்மியா ஓடினதுங்க. ரெண்டு கோடிதான் கேக்கறாரு. வாங்கிப் போட்டுரலாங்களா?"

"கிறுக்கா உனக்கு? அந்த ஓட்டை உடைசலுக்கு எவன் ரெண்டு கோடி குடுப்பான்? எண்பது லட்சமே ஜாஸ்தி."

கிளப் செயலாளர் ரங்கராஜ் வடையைக் கீழே வைத்தார். "அப்ப உங்க காரை எண்பதுக்கு நானே எடுத்துக்கறேன். கூடவே இந்த டிரைவரையும்."

நண்பர்கள் சிரித்த சிரிப்பில் முதலாளிக்கு முகம் காரைவிடச் சிவந்தது. "யாருடா அந்த ஊட்டிக்காரன்?"

"ஊட்டியில யாருமில்லீங்க. ரெண்டு கோடி கேக்கறவரு நீங்க ஒருத்தருதானுங்க," என்றான் மரியசூசை.