மன்னர் மீசைக்கு நாற்பத்தொன்றாம் எண்

வெகு காலத்துக்கு முன்னே ஏழேரி நாட்டை மருதமாறன் என்றொரு ராஜா ஆண்டான். அந்தக் காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். இருந்தது.

தேர்த் திருவிழாவுக்கு அரண்மனையில் ஒரு செயலி. அதை எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் ஓயாத சண்டை. "எழுதியவனே ஏற்றட்டும், எழுதியவனே ஓட்டட்டும். அதுதான் டெவ்ஆப்ஸ்" என்றாள் மந்திரி நல்லினி.

அவைத்தலைவர் வெண்காடர் என்ன செய்தார்? பத்து ஆளைப் பிடித்து ஓர் அறையில் உட்காரவைத்து, 'டெவ்ஆப்ஸ் குழு' என்று பலகை மாட்டினார். இனி எதை ஏற்றவும் அவரிடம் மனு. ஒரு சுவர் இருந்த இடத்தில் இரண்டு.

நல்லினி மூன்று பொறியாளர்களை வைத்து, எல்லாக் குழுவும் தாமே மாற்றங்களை ஏற்றிக்கொள்ளப் பொதுவாக ஒரு பிளாட்ஃபார்ம் கட்டினாள். வெண்காடருக்கு வயிறு எரிந்தது.

"மன்னா, என் குழுவும் அந்தப் பிளாட்ஃபார்மும் ஒன்றுதான். அம்மையார் பெயரை மாற்றிப் பிழைக்கிறார்!"

"மந்திரியாரே, வெயில் தாழ்வதற்குள் வித்தியாசத்தைக் காட்டும். இல்லையேல் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்."

"ஆகட்டும் அரசே. செயலியில் இருக்கும் படத்தில் உங்கள் மீசை சிறுத்திருக்கிறதே, பார்த்தீர்களா?"

பார்த்தான். பதறினான். "ஓய் வெண்காடரே! இந்தாரும் பெரிய மீசைப் படம். மாற்றும்!"

வெண்காடர் ஏட்டைப் புரட்டினார். "வரிசையில் நாற்பத்தொன்று, மன்னா. அடுத்த வியாழக்கிழமை..."

"நாளைக்குத் தேர், ஐயா!"

நல்லினி திரையை அரசன் பக்கம் திருப்பினாள். "நீங்களே ஏற்றுங்கள்."

"எனக்கென்ன தெரியும்?"

"தெரிய வேண்டாம். படத்தை வையுங்கள், பொத்தானை அழுத்துங்கள். சோதனை, காவல், தப்பானால் பழையபடி திரும்பும் வழி எல்லாம் முன்பே போட்டாயிற்று."

அழுத்தினான். வாயிலிட்ட வெற்றிலை சிவப்பதற்குள் மீசை ஏறிவிட்டது. தலைகீழாக.

வெண்காடர் துள்ளினார். "பார்த்தீர்களா லட்சணத்தை!"

நல்லினி அசையவில்லை. அவசரத்தில் ராஜா எதையும் தலைகீழாகத்தான் பிடிப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

"படத்தை வைத்தது யார், அரசே?"

"...நான்தான்."

"அப்படியானால் திருத்துவதும் நீங்களே. அந்தப் பொறுப்புக்குப் பெயர் டெவ்ஆப்ஸ். எல்லோருக்கும் வரவேண்டிய பழக்கம் அது, பத்துப் பேர் அடைந்து கிடக்கும் அறை அல்ல. யாரிடமும் கெஞ்சாமல் அதைச் செய்ய ஒரு பாதை கையில் இருக்கிறதே, அது பிளாட்ஃபார்ம். பாதை போடுவது எங்கள் வேலை. நடப்பது உங்கள் வேலை."

ராஜா ஒரே அழுத்தில் பழையபடி ஆக்கினான். படத்தை நிமிர்த்தி மறுபடி ஏற்றினான். திரையில் கம்பீர மீசை. நிஜ மீசையையும் ஒரு தரம் முறுக்கிக்கொண்டான்.

"மோதிரம் உம்மிடமே இருக்கட்டும், மந்திரியாரே. இனி எல்லாக் குழுவுக்கும் இந்தப் பாதைதான்!" என்று தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான்.

வெண்காடர் காலில் விழுந்தார். "மன்னித்தருள வேண்டும், மன்னா!"

"மன்னிக்கலாம். மனு எழுதி உம்ம வரிசையில் போடும்."

"எத்தனையாவதாக, மன்னா?"

"என் மீசை போன இடம் காலிதானே? நாற்பத்தொன்று."