முதுகுப் பக்கம் பாறை

"தாயே, துடுப்பு வலிக்கிறவனுக்கு மட்டும் முதுகுல ரெண்டு கண்ணை வச்சிருக்கக்கூடாதா கடவுள்?"

வீரபாகு அழாத குறையாகக் கேட்டான். ஐம்பது வயசு ஆள். அவன் குருவாக வரித்திருந்த தாயம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காவி கட்டியவள், பிரசவம் பார்க்கவும் தெரிந்தவள்.

அவன் தொழில் அப்படி. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வலிக்க வேண்டும். போன ஐப்பசி வெள்ளத்தில், நட்டாற்றுப் பாறை நெருங்குகிறதோ என்று ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். கை தளர்ந்தது, படகு குறுக்கே திரும்பிப் பாறையில் மோதியது. கூட வந்த தம்பியை ஆறு கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு அவன் படகைத் தொடவே இல்லை.

இன்றும் வெள்ளம். அக்கரையில் மகள் வீட்டுக் கொடியில் சிவப்புச் சேலை ஏறிவிட்டது. வலி கண்டால் ஏற்றுகிறேன் என்று அவள் சொல்லியிருந்த சேலை. தாயில்லாப் பெண். மாப்பிள்ளை கப்பலில் இருந்தான். வீட்டில் வேறு ஒரு ஈ காக்கை கிடையாது.

"வேற யாரும் படகு எடுக்க மாட்டாங்களா?"

"இந்தத் தண்ணியில எவன் வருவான் தாயே?"

தாயம்மை படகில் ஏறி, அவன் முகத்துக்கு நேரே பின்பலகையில் உட்கார்ந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. எந்தக் கையை அழுத்தணும்னு நான் சொல்லுதேன். நீங்க திரும்பாம என் முகத்தையே பாருங்க."

வேறு வழியில்லை. வலித்தான்.

நட்டாற்றில் முதுகுக்குப் பின்னால் அந்த இரைச்சல் கேட்டது. தம்பியை விழுங்கிய அதே இரைச்சல். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"வலது கை," என்றாள் தாயம்மை, உப்பு எடுத்து வா என்கிற மாதிரி.

அவள் முகத்தைப் பார்த்தான். கண்கூட இமைக்கவில்லை. அழுத்தினான்.

"இன்னும் கொஞ்சம். போதும். இப்ப ரெண்டும்."

பாறை படகை உரசிக்கொண்டு போனது. அவன் முதுகெல்லாம் நீர் தெறித்தது.

கரை தட்டியதும் அவள் காலில் விழப் போனான்.

"உங்களுக்குப் பயமே கிடையாதா தாயே?"

தாயம்மை கைகளை விரித்துக் காட்டினாள். பலகையை இறுக்கிப் பிடித்ததில் சிராய் ஏறி, விரலெல்லாம் ரத்தம்.

"நீங்க என் முகத்தைத்தானே பாத்தீங்க?" என்றாள்.

மேட்டு வீட்டிலிருந்து மகளின் அலறல் வந்தது. தாயம்மை கைகளைக் கழுவிக்கொண்டு ஓடினாள். வீரபாகு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, உள்ள வாங்க. இவ ரொம்ப அரண்டுபோயிருக்கா. தலைமாட்டுல உக்காருங்க."

"ஆம்பிளை வரலாமா தாயே?"

"அப்பா!" என்று கதறினாள் மகள்.

வீரபாகு நடுங்குகிற கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.