பழுப்புச் சூரியகாந்தி

“முப்பத்தோரு பிள்ளைங்க ஒழுங்கா வரைஞ்சாங்க மேடம். ஒருத்திதான் கெடுத்துட்டா.”

அமலோற்பவம் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி நாகூருக்கு வந்து, மெஹருன்னிசாவிடம் ஓவியம் கற்றுக்கொண்டிருந்தாள். குரு அவளைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன வரையச் சொன்னீங்க?”

அமலோற்பவம் பையிலிருந்து அச்சுப்படம் ஒன்றை எடுத்து விரித்தாள். ஓவியர் வான் கோவின் சூரியகாந்திகள். ஜாடி கொள்ளாத பூக்கள்.

அதன் பக்கத்தில் ஆறாம் வகுப்பு சங்கவி வரைந்த தாளை வைத்தாள். அதே ஜாடிதான். ஆனால் பாதிப் பூக்கள் தலை தொங்கி, பழுப்பேறிக் கிடந்தன.

“மஞ்சளா சிரிக்கிற பூவை இழவு வீடு மாதிரி ஆக்கிட்டா. ஸ்கூல் கண்காட்சியிலேருந்து எடுத்துட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“அன்னையிலேருந்து பிரஷ்ஷைத் தொடவே மாட்டேங்கிறா. கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அதைப் பார்த்தாதான் கஷ்டமா இருக்கு மேடம்.”

மெஹருன்னிசா ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அச்சுப்படத்தில், இடது ஓரம் கீழே இருந்த பூவின்மேல் விரலை வைத்தார்.

“இந்த ஒரு பூவை மட்டும் வரைங்க.”

அமலோற்பவம் வழக்கம்போல மஞ்சளைக் குழைத்தாள். பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

கை தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

அந்தப் பூ தலையைத் தொங்கப் போட்டிருந்தது. கண்ணை மேலே நகர்த்தினாள். இன்னொரு பூவில் இதழ்களே உதிர்ந்துபோயிருந்தன.

மஞ்சளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பழுப்பைத் தேடினாள்.

“எத்தனை வருஷமா இதைப் பிள்ளைங்களுக்குக் காட்டுறீங்க?”

“ஒன்பது வருஷமா.”

குரு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை அமலோற்பவம் வகுப்புக்குள் நுழைந்ததும் சங்கவியின் தாளைச் சுவரில் ஒட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய், சங்கவியைக் கொஞ்சம் நகரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தப்பு என் மேலதாம்மா. நான் சரியாப் பார்க்கலை.”

சங்கவி கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

அமலோற்பவம் அச்சுப்படத்தை அவள் முன்னால் வைத்தாள்.

“இதுல நான் பார்க்காதது வேற என்ன இருக்கு?”

டீச்சர் கிண்டல் செய்கிறாரா என்பதுபோல் சங்கவி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் படத்தின்மேல் குனிந்தாள். பக்கத்து வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லி முடித்து எட்டாம் வாய்ப்பாடு தொடங்கினார்கள். அமலோற்பவம் காத்திருந்தாள்.

“ஜாடிக்கு நிழலே இல்லை டீச்சர்.”

அமலோற்பவம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளோடு சேர்ந்து குனிந்தாள்.

நிழல் இல்லைதான்.